தேவையே அணியின் கடைசி நாற்காலி

சிரிக்க வேண்டும். கேமரா எந்த நேரமும் என் பக்கம் திரும்பும், அதனால் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும், நம் அணி பேசினால் ஆமாம் ஆமாம் என்று தலையாட்ட வேண்டும், எதிரணி பேசினால் உதட்டைச் சுழித்து அப்படியா சங்கதி என்று பார்க்க வேண்டும். எது நம் அணி, எது எதிரணி என்பதில்தான் இன்றைக்கு எனக்குத் தடுமாற்றம். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது நான் 'தேவையில்லை' அணி. மரண தண்டனை தேவையே, மரண தண்டனை தேவையில்லை, பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். கூட்டுக்குடும்பமா தனிக்குடித்தனமா என்று பேசிப் பேசி டிவிக்காரர்களுக்கு அலுத்துவிட்டதாம், கரும்பு கடிக்கிற நேரத்தில் ஜனங்களுக்குத் தூக்குக் கயிறு வேண்டுமாம். அணிக்கு மூன்று பேர் பேசுவதுதான் வழக்கம், விளம்பரம் நிறைய வந்துவிட்டதால் இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். இந்தக் கல்யாண மண்டபத்துக்கு வந்து, மணமகள் அறையில் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருக்கும்போது நடுவர் நல்லபெருமாள் ஐயா எட்டிப் பார்த்தார். "பூங்கோதை, ஒரு சின்ன மாத்தம்மா. நம்ம ரிட்டயர்டு இன்ஸ்பெக்டருக்கு பிரஷர் ஏறிப்போச்சாம், வரல. நீ தேவையே பக்கம் உக்காந்துடு. உன் இடத்துக்கு ஒரு காலேஜ் பொண்ணு இருக்கு, புதுசு. புதுசுக்கு இரக்கம் பேசறது சுலபம். தூக்குல போடுன்னு சொல்லிச் சிரிக்க வைக்கிறதுக்கு உன்னை விட்டா யாரு?" சரிங்கையா என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. இந்தத் தொழிலில் இருபது வருஷமாக எந்தப் பக்கம் உட்காரச் சொன்னாலும் சரிங்கையா என்றுதான் சொல்லியிருக்கிறேன். மாமியாருக்காகவும் பேசியிருக்கிறேன், மருமகளுக்காகவும் பேசியிருக்கிறேன், ஒரே வாரத்தில் இரண்டும் பேசியிருக்கிறேன். யாரும் கேட்டதில்லை, உனக்கு உண்மையில் என்ன தோன்றுகிறது என்று. எனக்கே கேட்கத் தோன்றியதில்லை. முடியாதுங்கையா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பார். ஏன் என்றால், ஐயா, என் தம்பிக்குத் தூக்குத் தண்டனை கொடுத்திருக்கிறார்கள், ஹைகோர்ட்டில் வாதம் முடிந்து தீர்ப்பைத் தள்ளி வைத்திருக்கிறார்கள், அதனால் நான் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. இதைப் பவுடர் டப்பாவோடு நிற்கிற பையன் முன்னால் சொல்ல வேண்டும். சரிங்கையா என்பது சுலபமாக இருந்தது.

லைட் சூடு மண்டையைப் பிளக்கிறது. சத்தம் மைக்கில் ஏறுகிறது என்று ஏசியை நிறுத்திவிட்டார்கள், பட்டுப்புடவைக்குள் வியர்வை முதுகில் ஓடுகிறது, துடைக்க முடியாது. காலர் மைக் வயரை ஜாக்கெட்டுக்குள் விட்டுப் பின்னால் முதுகோடும் நாற்காலியோடும் சேர்த்து டேப் ஒட்டியிருக்கிறார்கள், எழுந்தால் வயர் வரும், நாற்காலியும் வரும். கழுத்தைச் சுற்றி ஒரு வயர். உடனே அந்த உவமை வந்து நிற்கிறது பாருங்கள், கழுத்து, கயிறு என்று. தொழில் புத்தி. சீ என்று இருக்கிறது. ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே கூட்டத்தைக் கை தட்ட வைத்துப் படம் பிடித்துவிட்டார்கள், எப்போதும் அப்படித்தான். மேடைக்குக் கீழே நிற்கிற ஒரு தாடிக்காரர் இரண்டு கையையும் தூக்கினால் எல்லோரும் தட்ட வேண்டும், வயிற்றைப் பிடித்துக் காட்டினால் சிரிக்க வேண்டும், கண்ணைத் துடைத்துக் காட்டினால் உருக வேண்டும். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, மண்டபம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. நாங்கள் மேடையில் உட்கார்ந்து அதையும் பார்த்துச் சிரித்தோம். இப்போது எதிரணி வக்கீல் அந்தோணிராஜ் பேசிக்கொண்டிருக்கிறார். நல்ல குரல். "நடுவர் அவர்களே, தப்பான ஆளைச் சிறையில போட்டா ஒருநாள் கதவைத் திறந்து, மன்னிச்சுக்கப்பான்னு சொல்லலாம். தப்பான ஆளைத் தூக்குல போட்டா எந்தக் கதவைத் திறப்பீங்க?" தாடிக்காரர் கையைத் தூக்குகிறார். தட்டுகிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கணம் நெஞ்சு துள்ளும், பிறகு உட்கார்ந்துவிடும். என் தம்பி தப்பான ஆள் இல்லை. அவன்தான் செய்தான். மதியழகன்தான் செய்தான். அவன் டிரைவராக இருந்த வீட்டில், அவனுக்குச் சோறு போட்ட வயசான இரண்டு பேரை, தூங்கிக்கொண்டிருந்தவர்களை, நகைக்காக. வக்கீலுக்கு எத்தனை நல்ல குரல் இருந்து என்ன, அந்த வாதத்தில் எங்களுக்கு இடம் இல்லை. அப்பாவிக்காகப் பேசுவது சுலபம் ஐயா, செய்தவனுக்காகப் பேசுங்கள் பார்ப்போம் என்று நான் அவரை மறித்துக் கேட்கலாம், எதிரணிதானே, கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறது. கேட்டால் கை தட்டுவார்கள்.

செய்தவனுக்காக என்ன பேசுவது என்று ஒரு மாசமாக யோசித்து வைத்திருந்தேன். கோர்ட்டில் நான் பேச முடியாது, அங்கே நான் யார், பின்பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்பிள்ளை. இங்கே பேசலாம் என்று நினைத்தேன். யாருக்கும் தெரியாமல், அவன் பெயர் சொல்லாமல், பொதுவாகப் பேசுவதுபோல. அதற்காகத்தான் இந்தத் தலைப்பை ஒப்புக்கொண்டேன். வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். "கையைச் சுட்டுக்குவே, பூங்கோதை" என்றார். அவர் சொன்னதை நான் எப்போது கேட்டேன். ஒரு மனுஷன் என்பவன் அவன் செய்த அந்த ஒரு ராத்திரி மட்டும் இல்லை என்று பேசலாம் என்று இருந்தேன். அவனை நான் வளர்த்தேன், எனக்கும் அவனுக்கும் பத்து வயசு வித்தியாசம், அம்மா போனபோது அவனுக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்தது. விழுந்த பல்லை எல்லாம் கூரையில் எறியாமல் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான், ஏன்டா என்றால் திரும்ப ஒட்டவைத்துக்கொள்ளலாம் அக்கா என்பான். இதைச் சொன்னால் மண்டபம் உருகும். ஆனால் உடனே எனக்குள்ளேயே எதிரணி எழுந்துவிடுகிறது, என்ன செய்ய, பழக்கம். நடுவர் அவர்களே, பால் பல் எல்லோருக்கும்தான் விழுந்தது, செத்துப்போன அந்த இரண்டு பேருக்கும் ஒரு காலத்தில் விழுந்திருக்கும். உட்கார்ந்துவிடுகிறேன். இந்தப் பக்கம் எழுந்தால் அந்தப் பக்கம் மடக்குகிறது, அந்தப் பக்கம் எழுந்தால் இந்தப் பக்கம் மடக்குகிறது, தீர்ப்புச் சொல்ல நடுவர் மட்டும் வருவதே இல்லை. அவனுக்குத் தூக்கு என்று செஷன்ஸ் கோர்ட்டில் படித்தபோது அவனைப் பார்க்கவில்லை நான், ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது ஓடாமல் நின்றிருந்தது. அப்போது என் மனசில் வந்தது என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டேன். சொல்கிறேன், யாருக்குக் கேட்கப்போகிறது. அப்பாடா என்று இருந்தது. ஒரு நொடிதான். ஆனால் அந்த அப்பாடா வந்தது.

கேமரா. சிரி. கிரேன் என் தலைக்கு மேலே வந்து போகிறது. முன் வரிசையில் ஒரு சிவப்புப் புடவை அம்மாள் என்னைக் காட்டிப் பக்கத்தில் இருப்பவளிடம் ஏதோ சொல்கிறாள், எனக்குத் தெரியும் என்ன சொல்கிறாள் என்று. இதுதான்டி தம்பி டீச்சர். ஊரில் எனக்குப் பெயரே அதுதான். பட்டிமன்றக்காரர்கள் எல்லோரும் வீட்டு ஆட்களை வைத்துத்தான் பிழைக்கிறோம், ஆண்கள் பெண்டாட்டியைக் கிண்டல் செய்வார்கள், பெண்கள் புருஷனைக் கிண்டல் செய்வோம், எனக்குக் கூடுதலாக ஒரு தம்பி இருந்தான். எந்தத் தலைப்பானாலும் நடுவில், "எனக்கு ஒரு தம்பி இருக்கான் நடுவர் அவர்களே" என்று ஆரம்பித்தால் போதும், தாடிக்காரர் தேவையில்லை. ரேஷன் கடையில் தம்பி, பரீட்சையில் தம்பி, தீபாவளிக்குத் தைத்த கால்சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்ட தம்பி, எல்லாவற்றுக்கும் மேலே என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தம்பி. அவனுக்குப் பெருமை தாங்காது. டீக்கடையில் போய், அது நான்தான் என்பான். அவன் கைதான பிறகு நான் தம்பியைத் தொடவே இல்லை. பேப்பரில் டிரைவர் மதியழகன் என்று போட்டார்கள், மேடையில் நான் அவன் பெயரைச் சொன்னதே இல்லை, யாரும் முடிச்சுப் போடவில்லை, கூட்டங்களில் மட்டும் கேட்பார்கள், என்ன டீச்சர் தம்பியைக் காணோம் என்று. தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, இனிமே அவனைக் கிண்டல் பண்ற உரிமை அவன் பெண்டாட்டிக்குத்தான் என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் போய்விடுவேன். போன தடவை ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கப் போனபோது அவனே கேட்டான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எல்லோரும் கத்துகிற அந்தச் சத்தத்தில் அவனும் கத்தினான். "அக்கா, பொங்கலுக்கு டிவியில வர்றியாமே? எங்க பிளாக்ல பொங்கலன்னைக்கு டிவி போடுவாங்க." ஆமாம் என்றேன். "ஏன்க்கா இப்பல்லாம் என்னைப் பத்திச் சொல்றதே இல்ல?" வலைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான். "ஒரே ஒரு தடவை சொல்லேன். பொண்ணு பாக்க வந்தது. இங்க நான் சொன்னா ஒரு பயலும் நம்ப மாட்டேங்கிறான்." கன்னம் உப்பியிருந்தது. வெயிட் போட்டிருந்தான். எனக்குக் கோபம் வந்தது, நான் இளைத்துப்போயிருக்கிறேன், வீட்டுக்காரர் இளைத்துப்போயிருக்கிறார், இவன் உருண்டையாக நிற்கிறான் என்று. திரும்பி வருகிற பஸ்ஸில் அந்தக் கோபத்துக்காக அழுதேன்.

அவன் பார்ப்பான். அதுதான் இந்த நாற்காலியில் என்னை அறைந்து வைத்திருக்கிறது. பொங்கலன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் ஒரு கை வாங்கிக்கொண்டு, பிளாக்கில் எல்லோரோடும் தரையில் உட்கார்ந்து, இதோ எங்கக்கா என்பான். எங்கக்கா எழுந்து மைக் பிடித்து, கொலைகாரனுக்குச் சோறு எதற்கு, கயிறுதான் சரி என்பாள். பக்கத்தில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். தம்பி பட்டிமன்றத்தை நன்றாக அறிந்தவன், அக்காவுக்கு அந்தப் பக்கம் கொடுத்துட்டாங்கடா, அதான் பேசறா என்பான். என்னை விட்டுக்கொடுக்க மாட்டான். எழுந்து போய்விடலாமா, டேப்பைப் பிய்த்துக்கொண்டு, தலை சுற்றுகிறது என்று சொல்லி. இன்ஸ்பெக்டருக்கு பிரஷர் வரலாம், எனக்கு வரக்கூடாதா? இந்தப் பக்கப் படிக்கட்டை கேமரா ஸ்டாண்டு அடைத்திருக்கிறது, அந்தப் பக்கம் போக வேண்டும் என்றால் நடுவரைத் தாண்டி, எதிரணியைத் தாண்டிப் போக வேண்டும், நாற்காலியை இழுத்துக்கொண்டு. கதவைச் சாத்தியிருக்கிறார்கள், வெளிச்சத்தம் வரக்கூடாது என்று. தண்ணீர் பாட்டில் காலடியில் இருக்கிறது, குனிந்தால் மைக்கில் கொரகொர என்று கேட்கும். ஒன்றும் செய்ய முடியாது. சிரிக்கலாம்.

எங்கள் அணித் தலைவர் பேராசிரியர் வேங்கடாசலம் எழுந்துவிட்டார். கோபக்காரர், கண்ணாடியைக் கழற்றினாரானால் யாரோ தொலைந்தார்கள். கழற்றுகிறார். "எதிரணி நண்பர் கொலைகாரனோட உயிருக்குக் கண்ணீர் விட்டார். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன் நடுவர் அவர்களே. செத்தவன் என்ன பாவம் பண்ணினான்? அவனுக்கு எந்த வக்கீல் வெச்சீங்க? அவன் எந்தக் கோர்ட்டுல அப்பீல் போட்டான்? கருணை மனு எழுத அவனுக்கு யாராவது பேப்பர் குடுத்தீங்களா?" தாடிக்காரர் கையைத் தூக்குவதற்கு முன்னாலேயே மண்டபம் தட்டுகிறது. நான் தலையாட்டுகிறேன். ஆமாம், ஆமாம். நடிக்கவில்லை. தலை தானாகத்தான் ஆடுகிறது. செத்துப்போன அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. போட்டோவில்தான் பார்த்தேன், பேப்பரில், கண்ணாடி போட்டுக்கொண்டு, யாரோ ஒரு குழந்தையின் காதணி விழாவில் எடுத்ததை வெட்டிப் போட்டிருந்தார்கள், தோளில் வேறு யாருடைய கையோ பாதி தெரிந்தது. அவர்களுக்கு ஒரு மகள், நிர்மலா, வெளியூரிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவாள், எனக்கு முன் பெஞ்சில் உட்காருவாள், அவள் பின்கழுத்தைப் பார்த்தபடிதான் நான் அந்தக் கேஸ் முழுக்க உட்கார்ந்திருந்தேன். செஷன்ஸ் தீர்ப்பு வந்த அன்றைக்கு வராந்தாவில் குடிக்கத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன், பின்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க டிவியில வர்றவங்கதானே?" என்றாள். ஆமாம் என்றேன். "எங்கம்மா உங்க பட்டிமன்றம்னா அடுப்பை அணைச்சுட்டு வந்து உக்காருவாங்க. பொண்ணு பாக்க வந்த கதைன்னா உயிரு. எனக்குப் போன் பண்ணி அதையே முழுசாச் சொல்லிக் காட்டுவாங்க, சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்களே சிரிச்சிடுவாங்க." டம்ளர் நிறைந்து வழிந்தது, நான் குழாயை மூடவில்லை, அவள்தான் கையை நீட்டி மூடினாள். "இவரு வேலை கேட்டு வந்தப்ப, டிவியில வர்ற பூங்கோதை டீச்சர் எங்கக்காதான்னு சொல்லியிருக்காரு. அட, அந்தத் தம்பியா நீன்னு அம்மா ஒண்ணுமே விசாரிக்கல. லைசென்ஸைக்கூட வாங்கிப் பாக்கல. அப்பா கேட்டதுக்கு, நம்ம பூங்கோதை வளத்த பிள்ளைங்க அது, தெரியாதவனான்னு சொன்னாங்களாம்."

இதை நான் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. நம்ம பூங்கோதை. என்னை ஒரு தடவைகூடப் பார்த்திராத அந்த அம்மா, நம்ம பூங்கோதை. அப்புறம் அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். மன்னிச்சுக்கங்க என்று நான் ஏதோ உளறியதை அவள் காதில் வாங்கவில்லை. "தூக்குல போடறதா வேண்டாமான்னு பேப்பர்காரங்க என்னையும் கேக்கறாங்க. எனக்குத் தெரியலைங்க. போட்டா நல்லாருக்கும்னு காலையில தோணுது, சாயங்காலம் தோணல. எனக்கு ஒண்ணுதான். உங்க தம்பி பேரை எல்லாரும் சொல்றாங்க. ஜட்ஜ் சொல்றாரு, வக்கீலுங்க சொல்றாங்க, பேப்பர்ல போடறாங்க. எங்கப்பாவை, எங்கம்மாவை இறந்தவர் ஒண்ணு, இறந்தவர் ரெண்டுங்கறாங்க. பேப்பர்ல மூதாட்டியாம். எங்கம்மாவுக்கு ஒரு பேர் இருக்குல்ல?" பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு, நான் அதைத் திருப்பிச் சொல்வேனோ என்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றாள். நான் சொல்லவில்லை. வாய் வரவில்லை. மேடையில் மணி அடித்தும் நிறுத்தாத வாய் எனக்கு, அன்றைக்கு அந்த ஒரு பெயருக்கு வரவில்லை. அவள் போய்விட்டாள். இன்றுவரை மனசுக்குள்ளேகூட அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்ததில்லை, அந்த அம்மா, அந்த அம்மா என்று சுற்றி வருகிறேன், புருஷன் பெயரைச் சொல்லாத காலத்துப் பெண்டுகள் மாதிரி. நிர்மலாவும் பொங்கலுக்கு டிவி போடுவாளோ என்னவோ. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாளோ. அவள் பார்த்தால் என்ன, அவளுக்கு நான் தேவையே என்று பேசுவது நியாயமாகப் படலாம். அவன் பார்த்தால்? ஒரே வாயை இரண்டு பேர் பார்க்கப்போகிறார்கள். அவனை நான் ஒரு தடவை கேட்டேன், ஏன்டா செஞ்சே என்று, வலையில் வாயை வைத்து. அவன் முழித்தான், பரீட்சையில் விடை தெரியாமல் முழிப்பானே, அதே முழி. "தெரியலக்கா" என்றான். பொய் இல்லை, எனக்கு அவன் பொய் தெரியும். தெரியலையாம். தெரியலை என்பவனைத் தூக்கில் போட்டால் எதைத் தூக்கில் போடுகிறோம்? தெரியலை என்பவனை விட்டுவைத்தால் எதை விட்டுவைக்கிறோம்? நடுவர் அவர்களே, எனக்கு இதற்கு மேல் வாதம் ஓடவில்லை.

காலேஜ் பெண் எழுந்திருக்கிறாள். அட்டையைப் பார்த்துப் படிக்கிறாள். உலகத்தில் பாதிக்கு மேற்பட்ட நாடுகள் இதை எடுத்துவிட்டன என்கிறாள். தூக்கு இருக்கிற ஊரில் கொலை குறைந்துவிட்டதா என்கிறாள். காசு இருக்கிறவன் தூக்கில் தொங்கிப் பார்த்திருக்கிறீர்களா, தொங்குகிறவன் எல்லாம் ஏழை வீட்டுப் பிள்ளை என்கிறாள். எல்லாம் நான் பேச வைத்திருந்ததுதான், என்னைவிட மோசமாகப் பேசுகிறாள், ஆனால் நம்பிப் பேசுகிறாள். பேசு கண்ணு, விடாதே, இன்னும் அழுத்திச் சொல்லு. என் முகம் அவளைப் பார்த்துச் சிரிக்கிறது, உதட்டைச் சுழிக்க மறந்துவிட்டேன், தாடிக்காரர் கீழேயிருந்து எனக்குச் சைகை காட்டுகிறார், எதிரணி மேடம், எதிரணி. சுழிக்கிறேன். அவள் கடைசியில், "உயிரைக் குடுக்க முடியாத நமக்கு எடுக்க என்ன உரிமை?" என்று முடிக்கிறாள், எல்லோரும் முடிக்கிற இடத்தில்தான் முடிக்கிறாள், கை தட்டுகிறார்கள், மணி அடிப்பதற்குள் உட்கார்ந்துவிடுகிறாள். அவ்வளவுதான். இனி நான்தான். நல்லபெருமாள் ஐயா மைக்கைத் தட்டிப் பார்க்கிறார். மைக் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனாலும் தட்டுவார். "ரொம்ப சீரியஸாப் போயிட்டிருக்கு. கரும்பு கடிச்ச வாய் கசக்குது. இந்தக் கசப்பை மாத்த ஒரே ஆளுதான் உண்டு. தேவையே அணியோட கடைசிப் பேச்சாளர், உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச தம்பி டீச்சர், பூங்கோதை! ரொம்ப நாளா தம்பியை ஒளிச்சு வெச்சிருக்காங்க. இன்னிக்கு விடாதீங்க!" மண்டபம் ஓ என்கிறது. சிவப்புப் புடவை அம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள். தம்பி, தம்பி என்று பின் வரிசையிலிருந்து பையன்கள் கத்துகிறார்கள். ஒருவன் வந்து என் முதுகில் டேப்பைப் பிய்க்கிறான், தோல் எரிகிறது. எழுந்திருக்கிறேன். கால் இருக்கிறது. நடக்கிறது.

"நடுவர் அவர்களே" என்கிறேன். குரல் வருகிறது, அது எப்போதும் வந்துவிடும், அதுதான் என் சாபம். "எனக்கு ஒரு தம்பி இருக்கான்." சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "என்னைப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க. எங்க சித்தி இவனைக் கூப்பிட்டு, வாயைத் திறந்தேன்னா பஜ்ஜி கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. பய ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு மாப்பிள்ளைக்கு எதிர்லயே உக்காந்துட்டான். மாப்பிள்ளையோட அப்பாவுக்குச் சந்தேகம். ஏன்டா தம்பி, பல்லு வலியான்னு கேக்கிறாரு. இவன் கண்ணாலயே பஜ்ஜித் தட்டைக் காட்டறான். பாவம்னு ரெண்டு பஜ்ஜியை எடுத்துக் குடுத்துட்டாரு. தின்னு முடிச்சான். ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு. வாயைத் தொடச்சுக்கிட்டு மாப்பிள்ளைகிட்டப் போயி, மாமா, எங்கக்கா தூக்கத்துல பேசுவா, பரவால்லையான்னான்." தாடிக்காரர் வயிற்றைப் பிடித்துக் காட்டவில்லை, அவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். "சித்திக்கு மயக்கமே வந்திடுச்சு. மாப்பிள்ளை கேக்கிறாரு, என்னப்பா பேசுவாங்க? இவன் சொல்றான், பட்டிமன்றம் மாமா. ரெண்டு அணிக்கும் அவளே பேசுவா. ஆனா பயப்படாதீங்க. கை தட்டினா நிறுத்திடுவா." வெடிக்கிறது மண்டபம். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிறார். சிரிப்பு வந்து வந்து மேடையில் மோதுகிறது. எத்தனை வருஷம் ஆயிற்று, அந்தச் சின்னப் பயல் வாயில் எண்ணெயோடு மேடையில் வந்து நிற்கிறான், இவர்கள் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கிறது, ஒருவருக்குக்கூட அவனைக் கொல்ல மனசு வராது. நடித்துக் காட்டிய அவன் முழியோடு அப்படியே நிற்கிறேன். முதல் மணி அடிக்கிறது. எச்சரிக்கை மணி.

"எல்லாம் சரி டீச்சர்" என்கிறார் நடுவர், சிரித்து மூச்சு வாங்கியபடி. "மணியும் அடிச்சாச்சு, நீங்க இன்னும் தலைப்புக்கே வரல. அது போகட்டும், எனக்கு ஒரு சந்தேகம். பஜ்ஜிக்கு வாயைப் பொத்தின அந்தத் தம்பி இப்ப எங்க இருக்காரு? என்ன பண்றாரு?" வழக்கமான கேள்விதான். இதற்கு முன்னால் எத்தனையோ மேடையில் கேட்டிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் ஒரு பதில் வைத்திருப்பேன், துபாயில ஒட்டகத்துக்குப் பஜ்ஜி போடறான் ஐயா என்று ஏதாவது. மண்டபம் காத்திருக்கிறது. கிரேன் இறங்கி என் முகத்துக்கு நேரே நிற்கிறது, அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரிகிறது, அதற்குப் பின்னால் அவன் தரையில் உட்கார்ந்திருக்கிறான், பார்றா பார்றா என்று பக்கத்தில் இருப்பவனை முழங்கையால் இடிக்கிறான். "இருக்கான், நடுவர் அவர்களே" என்கிறேன். "இதைப் பாத்துக்கிட்டிருப்பான்." சிரிக்கிறார்கள். டிவிக்குள் இருக்கிற ஒருத்தியைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. சிரிக்க மறந்துவிட்டேன், கேமரா நேரே இருக்கிறது, பரவாயில்லை. "இந்தக் கதைன்னா உயிரா இருந்த ஒரு அம்மா இருந்தாங்க. அடுப்பை அணைச்சுட்டு வந்து உக்காந்து பாப்பாங்க. என் தம்பிங்கற ஒரே காரணத்துக்காக அவனை நம்பி வீட்டுக்குள்ள விட்டாங்க. அவங்க பாக்க மாட்டாங்க." இன்னும் சிலர் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், சிரிப்பு ஓரங்களிலிருந்து அடங்குகிறது. நல்லபெருமாள் ஐயா என்னைத் திரும்பிப் பார்க்கிறார், இருபது வருஷத்தில் பார்க்காத மாதிரி பார்க்கிறார். வெட்டிவிடுவார்கள், எடிட்டிங்கில் எல்லாவற்றையும் வெட்டிவிடுவார்கள், தெரியும். இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களாவது கேட்கட்டும். வாய் வருகிறது. "ராஜாமணி அம்மா" என்கிறேன். "அவங்க பேரு ராஜாமணி." இரண்டாவது மணி அடிக்கிறது, முடிக்கச் சொல்லி. தலைப்புக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தோ என்னவோ தாடிக்காரர் இரண்டு கையையும் உயரத் தூக்குகிறார். மண்டபம் முழுக்கக் கை தட்டுகிறார்கள். நான் நிறுத்தவில்லை.